குருவம்மா பாஸ் பண்ணின இங்கிலீஷ்

எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு பெண்பிள்ளை நடந்துகொண்டே படிக்கிறாள். ஆறாவதோ ஏழாவதோ இருக்கும். கையில் புத்தகம் இல்லை, போன்தான். என்ன படிக்கிறாள் என்று என் காதில் விழாது. என் காது மில் காது. இரண்டும் பாதிக்கு மேல் போய்விட்டது. மகன் ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறான். மாட்டினால் அது குக்கர் மாதிரி விசில் அடிக்கிறது. டப்பாவிலேயே வைத்திருக்கிறேன், மெஷின் எங்கே என்று மருமகள் கேட்டால் மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டு, கேட்கிற மாதிரித் தலையை ஆட்டுவேன்.

ஆனால் எனக்கு வாயைப் பார்த்தால் போதும். அந்தப் பிள்ளையின் உதடு குவிந்தது, அடுத்து கீழுதடு பல்லில் பட்டு விரிந்தது, மறுபடி வாய் உருண்டு மூடியது. கோ, வென்ட், கான். அடுத்தது டேக், டுக், டேக்கன். காயப்போட எடுத்துப்போன சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஈரம் சொட்டிச் சொட்டிக் காலெல்லாம் நனைந்த பிறகுதான் நினைப்பு வந்தது. பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் பார்க்க மாட்டாள்? அவள் அங்கிருந்து ஒன்று சொல்லச் சொல்ல, இந்தக் கிழவி இங்கிருந்து அடுத்ததை வாயசைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பயமாகத்தானே இருக்கும். போனை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

நூல் மில்லுக்குள் நீங்கள் போயிருந்தால் நான் இவ்வளவு விளக்க வேண்டியதில்லை. நாங்கள் ராஜபாளையத்தில் மில்லுக்குப் போன காலத்தில், பக்கத்தில் நிற்கிறவள் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் கத்துகிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பேசுவோம். அந்தக் கோடியில் நிற்கிறவளோடு இந்தக் கோடியிலிருந்து சண்டைகூடப் போடலாம். சேர்ந்த புதிதில் ஒன்றும் புரியாது. புரிய ஆரம்பித்துவிட்டால் பிறகு ஆயுசுக்கும் போகாது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இதனால் ரொம்பச் சிரமப்பட்டார். வீட்டிலும் நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன், சத்தம் வராது. வாய்க்குள்ளேயே என்னத்தை வைகிறாய் என்பார். வையவில்லை, சோறு போடவா என்றுதான் கேட்டேன் என்பேன். சில நாள் வைததும் உண்டு, அது அவருக்குத் தெரியாது.

எனக்கு நூல் நூற்கிற ரிங் பிரேமில் வேலை. நீள நீளமாக மெஷின்கள் வரிசையாக நிற்கும். நடுவில் ஆள் நடக்கிற அளவுக்குச் சந்து. அந்தச் சந்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஷிப்ட் முடிகிறவரை நடந்துகொண்டே இருக்க வேண்டும். எங்கே நூல் அறுந்திருக்கிறதோ அங்கே ஒட்டிவிட்டு மேலே நடக்க வேண்டும். உட்கார்ந்தால் அன்றோடு சீட்டுக் கிழிந்துவிடும். எனக்கு அடுத்த சந்து குருவம்மாவுக்கு. ஒவ்வொரு நடை முடியும்போதும் கோடியில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்போம். ஒரு வார்த்தை சொல்ல நேரமிருக்கும், அவ்வளவுதான், திரும்பிவிட வேண்டும். ஒரு சினிமாக் கதை சொல்லி முடிக்க ஒரு வாரம் ஆகும். கதாநாயகன் மலை உச்சியில் தொங்கிக்கொண்டிருப்பான், எனக்கு அந்த நேரம் பார்த்து நூல் அறுந்து தொலையும்.

குருவம்மா செட்டியார்பட்டியிலிருந்து வருவாள். நல்ல உயரம். அவள் நடைக்கு நான் ஓட வேண்டும். அவள் வீட்டுக்காரர் செண்பகத்தோப்பில் காட்டுக் காவலராக இருந்தவர். மஞ்சள் காமாலையில் போய்விட்டார். ஈஸ்வரி என்று ஒரே பெண்பிள்ளை, அப்போது பள்ளிக்கூடத்தில்கூடச் சேர்க்கவில்லை. குருவம்மா அண்ணன் வீட்டில் வந்து இருந்தாள். அங்கே இரண்டே அறை, அண்ணன் பிள்ளைகளே நெருக்கிப் படுத்தார்கள். மதினிக்காரி குருவம்மாவின் சம்பளத்துக்கு இடம் கொடுத்தாள், பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. மில்லில் ஷிப்ட் மாறி மாறி வரும். பிள்ளையை யார் பார்ப்பது? கடைசியில் கூமாப்பட்டியில் இருந்த கொழுந்தனாரும் அவர் பெண்டாட்டியும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஈஸ்வரியைக் கூட்டிப்போனார்கள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. நல்ல மனுஷர்கள். இதை இப்போதே சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் எல்லாரும் சித்தி என்றதும் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

முதலில் வார விடுமுறைக்கு விடுமுறை குருவம்மா கூமாப்பட்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். அவள் பஸ் ஏறியதும் பிள்ளை அழ ஆரம்பிக்கும். இரண்டு நாள் சாப்பிடாது, மூன்றாவது நாள் காய்ச்சலில் விழும். ஒவ்வொரு தடவையும் இப்படி ஆகவே ஒரு நாள் சித்திக்காரி பொறுக்க மாட்டாமல் சொல்லிவிட்டாள். குருவம்மா எனக்கு அதைச் சந்துக் கோடியில் துண்டு துண்டாகச் சொன்னது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

"வந்து வந்து போனா பிள்ளை ஏங்கிப்போயி படுத்துருதுக்கா. வேலை கெடச்சு, வீடு பாத்து, கூட்டிட்டுப் போறதுக்குன்னு வாங்க. அதுவரைக்கும் வராதீங்க."

அதில் தப்பு என்ன சொல்வீர்கள்? குருவம்மா போவதை நிறுத்தினாள். தீபாவளிக்கு எடுத்த கவுனை, கூமாப்பட்டிப் பக்கம் போகிற வத்திராயிருப்பு பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, அந்த பஸ் கண்ணுக்கு மறைகிறவரை நின்று பார்த்தாள்.

அந்த வேலை என்பது புருஷன் இறந்ததற்காக அரசாங்கத்தில் தருகிற வாரிசு வேலை. பத்தாவது பாஸ் பண்ணியிருந்தால் ஆபீஸிலேயே எழுத்து வேலை கிடைக்கும் என்றார்கள். அதற்குக் கெடு ஒன்றும் உண்டு, அதற்குள் சர்ட்டிபிகேட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். குருவம்மா பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடமும் தேறியவள்தான். இங்கிலீஷில் மட்டும் போய்விட்டது. நானும் அதே கதி. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு காலத்தில் பாதிப் பெண்கள் மில்லுக்கு வந்து சேர்ந்த வழி அந்த இங்கிலீஷ் பரீட்சைதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டுடோரியலில் சேர்ந்தோம். அவளைத் தனியாக அனுப்ப அவள் அண்ணனுக்கு இஷ்டமில்லை, அதனால் துணைக்கு நான். எனக்கு இங்கிலீஷ் மேல் ஆசையெல்லாம் இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். டுடோரியல் இருந்தது ஒரு பால்கோவாக் கடையின் மாடியில். முதல் ஷிப்ட் வருகிற வாரங்களில் வேலை முடித்து, அரையும் குறையுமாகச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் வந்து இறங்கினால் தெருவே பால் சுண்டுகிற வாசனையில் கிடக்கும். சட்டியில் அடிப்பிடித்த சுரண்டலை ஒரு தாளில் வைத்துக் கொடுப்பார்கள். அதற்காகவே நான் ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை. எங்கள் தலையில் பஞ்சு ஒட்டியிருக்கும், எவ்வளவு தட்டினாலும் போகாது. கண்டக்டர் எங்களைக் கண்டதும் பஞ்சு டிக்கெட் இரண்டா என்பார். குருவம்மா அவரை முறைக்கிற முறையில் பஸ்ஸே கொஞ்சம் மெதுவாகப் போகும்.

சொல்லிக்கொடுத்த சார் எங்களைவிடச் சின்னவர். அப்போதுதான் காலேஜ் முடித்திருந்தார். எங்களை அக்கா அக்கா என்பார், அடிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது, பாவம் அவர்தான் தலையில் அடித்துக்கொள்வார். போர்டில் மூன்று வரிசை போட்டு எழுதினார். இன்றைக்குச் செய்வது, நேற்றைக்குச் செய்தது, செய்து முடிந்தது. பெரும்பாலான சொற்களுக்குக் கடைசியில் இ, டி என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தால் போதும், சொல் நேற்றைக்குப் போய்விடும். அதுவரை சந்தோஷமாக இருந்தது. ஆனால் வருவது, போவது, தின்பது, குடிப்பது, தூங்குவது, கொடுப்பது, வாங்குவது என்று மனுஷர் தினமும் செய்கிற காரியம் ஒன்றுகூட அந்த வரிசைக்குள் நிற்கவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பியது. ஏன் சார் என்றால் அவருக்கும் தெரியவில்லை. அது அப்படித்தான் அக்கா, மனப்பாடம் பண்ணிடுங்க என்றார்.

"தெனம் புழங்குற சட்டிதான ஏட்டி நசுங்கிக் கெடக்கும்" என்றாள் குருவம்மா, திரும்பி வருகிற பஸ்ஸில்.

அவளுக்குப் பிடித்த சொற்கள் சில உண்டு. கட், புட், ஹர்ட். இதுகளுக்கு நேற்றும் அதே, இன்றும் அதே. இதுகதான் நல்ல பிள்ளைக, நம்மளப் படுத்தாது என்பாள். 'பை' எப்படி 'பாட்' ஆகும், 'ப்ரிங்' எப்படி 'ப்ராட்' ஆகும் என்று அவளுக்கு ஆற்றாமை. அந்த இரண்டையும் திட்டின திட்டு இங்கிலீஷ்காரர்களுக்குக் கேட்டிருந்தால் மாற்றியிருப்பார்கள்.

வீட்டில் படிக்க அவளுக்கு இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மில்லில்தான் படித்தோம். சந்துக் கோடியில் நான் 'கோ' என்று வாயசைப்பேன். திரும்பி நடந்துவிடுவோம். போய் நூல் ஒட்டி, மறுபடி கோடிக்கு வரும்போது அவள் 'வென்ட்' என்று சொல்ல வேண்டும். அதற்கடுத்த நடையில் நான் 'கான்'. வராவிட்டால் அவள் இன்னொரு நடை நடந்து யோசித்துக்கொண்டு வருவாள். ஒரு ஷிப்டில் ஒரு போர்டு பாடம் முடிந்துவிடும். காலும் கையும் தன் பாட்டுக்கு வேலை செய்யும், உதடு நேற்றைக்கும் இன்றைக்கும் போய்வந்துகொண்டிருக்கும். மறந்துபோகிறவற்றைத் தூணில் சாக்பீஸால் எழுதிவைத்தோம். அதில் ஒரு கூத்து நடந்தது. எங்கள் சூப்பர்வைசர் தெலுங்கு பேசுகிறவர், எப்போதும் சங்கம், போராட்டம் என்ற பயத்திலேயே இருப்பவர். தூணில் 'ஈட், ஏட், ஈட்டன்' என்று இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் பார்த்ததும் முதலாளி தொழிலாளியின் வயிற்றில் அடித்துத் தின்கிறார் என்று யாரோ கோஷம் எழுதிவிட்டதாக நினைத்துவிட்டார். "ஏமி இதி?" இது என்ன என்று கேட்டு, ஆபீஸிலிருந்து ஆளைக் கூட்டிவந்து காட்டினார். வந்தவர் படித்துவிட்டுச் சிரித்தார். யார் எழுதியது, எதற்கு என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சூப்பர்வைசர் அந்தத் தூணை அழிக்கவில்லை. தூண் துடைக்க வருகிற பையனிடமும் அதை விட்டுவிடச் சொல்லிவிட்டார். எங்கிருந்தெல்லாம் இரக்கம் வருகிறது பாருங்கள்.

ஒரு நாள் சார், நேற்று என்ன செய்தீர்கள், இங்கிலீஷில் மூன்று வாக்கியம் சொல்லுங்கள் என்றார். நான் எழுந்து நேற்று இட்லி தின்றேன், காபி குடித்தேன், தூங்கினேன் என்றேன். என் வாழ்க்கை அவ்வளவுதான். குருவம்மா எழுந்தாள்.

"யெஸ்டர்டே ஐ வென்ட் டு கூமாப்பட்டி. ஐ ஸா மை டாட்டர். ஐ கேவ் ஹெர் எ பன்."

சார் கை தட்டிவிட்டார். மூன்றும் சரி அக்கா, ஒரு தப்புக்கூட இல்லை என்றார். நேற்று அவள் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு அடுத்த சந்தில் இருந்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பஸ்ஸில் ராஜபாளையம் நெருங்குகிறபோது, தப்பில்லாமல் சொன்னேன்லா என்று மட்டும் கேட்டாள். ஆமா என்றேன்.

பரீட்சை வந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். ஹாலில் பேன் சுற்றுகிற சத்தம் மட்டும்தான். எல்லாரும் குனிந்து எழுதுகிறார்கள். இரண்டு வரிசை தள்ளி அவள் பேனாவைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் கேட்டேன், என்ன ஆயிற்று என்று.

"உக்காந்தா வரல ஏட்டி. நடந்தாத்தான வரும். எதுக்க யாரும் வரல."

இதைச் சொன்னால் யாராவது நம்புவார்களா? எனக்குப் புரிந்தது. நின்று நடந்து எதிரே ஒரு முகத்தைப் பார்த்துப் படித்த பாடத்தை, மூன்று மணி நேரம் உட்காரவைத்து எழுது என்றால் எப்படி வரும்? ரிசல்ட்டில் நான் பாஸ், அவள் பெயில். தெய்வத்துக்குக் கண் எங்கே இருக்கிறது பாருங்கள். அந்தப் பாஸை வைத்து நான் இன்றுவரை ஒன்றும் செய்ததில்லை, ஒரு பிரேம் போட்டு மாட்டக்கூட இல்லை. அவளுக்கோ ஒரு பிள்ளை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டில் யாரோ இனிப்பு வாங்கிவந்ததை நான் தொடவில்லை. குருவம்மாதான் ஒரு துண்டை எடுத்து என் வாயில் வைத்தாள்.

அடுத்த தடவைக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பெஞ்சுக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, உட்கார்ந்தபடியே காலை மாற்றி மாற்றி வைத்து நடந்திருக்கிறாள். நான் அப்போது கூட எழுதவில்லை, வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்லித்தான் தெரியும். மேற்பார்வைக்கு வந்த டீச்சர் இரண்டு தடவை பக்கத்தில் வந்து பாத்ரூம் போக வேண்டுமா அம்மா என்று கேட்டாராம். இல்லை, போய்க்கிட்டுத்தான் இருக்கேன் என்றாளாம் இவள். டீச்சர் ஒன்றும் புரியாமல் போய்விட்டார். இந்தத் தடவை தேறிவிட்டாள். கெடு முடிய இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. சர்ட்டிபிகேட் வந்த அன்று அவள் அழுத அழுகையில் மில் கேட்டில் நின்றவர்கள் யாருக்கு என்னவோ என்று ஓடி வந்தார்கள்.

வேலை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே கிடைத்தது. ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தாள். ஒற்றை அறைதான், ஆனால் அவளுடைய அறை. பிள்ளைக்கென்று சின்னத் தலையணை ஒன்று வாங்கி, உறை தைத்தாள். பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசி வைத்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு கூமாப்பட்டிக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் அவள் ஒரு இடத்தில் உட்காரவில்லை. நான் பார்த்த குருவம்மாவிலேயே அன்றைக்குத்தான் அழகாக இருந்தாள்.

வீட்டு வாசலில் சித்தி எங்களைக் கண்டு, கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு வந்தாள். உள்ளே சுவரோரம் துணிப்பை ஒன்று கட்டித் தயாராக இருந்தது. சொல்லி அனுப்பியிருந்தோம் அல்லவா. ஈஸ்வரி உள்ளறையிலிருந்து வந்தாள். இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் வைத்து, மூன்றாவது படிக்கிற பிள்ளை. கையில் ஒரு செம்பு. எங்கள் முன்னால் வந்து நின்று, "வாங்க" என்றாள். இரண்டு கையாலும் செம்பைக் குருவம்மாவிடம் நீட்டினாள்.

எங்கள் பக்கம் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் வாங்க என்று சொல்லி ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க வேண்டும். பிள்ளைகள் பேச ஆரம்பித்ததும் சொல்லிக்கொடுக்கிற முதல் மரியாதை அது. ஆனால் அது வெளியாளுக்கு. வீட்டு ஆளை யாரும் வாங்க என்று சொல்வதில்லை. தாகம் எடுத்தால் அவர்களே போய் மோந்து குடித்துக்கொள்வார்கள்.

குருவம்மா செம்பை வாங்கினாள். நின்றபடியே குடித்தாள். முழுவதும் குடித்தாள். சித்திக்காரி, யாருன்னு தெரியுதா, உங்கம்மா ஏட்டி என்று பிள்ளையின் முதுகைத் தள்ளினாள். பிள்ளை கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. என்ன படிக்கிறாய் என்று குருவம்மா கேட்டாள். நன்றாகப் படி என்றாள். தலையில் கை வைத்தாள். பிறகு சித்தியிடம் திரும்பினாள்.

"இங்கனயே இருக்கட்டும் தாயி. நான் சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

சித்தி அழுதாள். அது சந்தோஷமா துக்கமா என்று எனக்குத் தெரியாது, அவளுக்கே தெரிந்திருக்காது. நான் குருவம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன், செத்த நேரம் இரு, பிள்ளை பழகட்டும், நாளைக்குப் போகலாம் என்றெல்லாம் சொன்னேன். அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

பஸ்ஸில் அவள் அழவில்லை. அழுதது நான்தான். வத்திராயிருப்பு தாண்டிய பிறகு பேசினாள்.

"வாங்கங்குது, பாத்தியா. எம்புட்டு நல்லா வளத்திருக்காவ. அது அவிய வீட்டுப் பிள்ளையாயிருச்சு. இனி நான் புடுங்கக் கூடாது."

அதன் பிறகு அவள் அந்த வீட்டுக்கு விருந்தாளியாகவே போய்வந்தாள். படிப்புக்குப் பணம் கொடுத்தாள். பிள்ளை பெரியவளானபோது சீர்த்தட்டோடு போய், வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கல்யாணத்திலும் அப்படித்தான். ஈஸ்வரி சித்தியை அம்மா என்றும், இவளை ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா என்றும் கூப்பிட்டாள். குருவம்மா அதற்கே ரொம்பச் சந்தோஷப்படுகிற மாதிரி எங்களிடம் காட்டிக்கொண்டாள். நான் அவள் முகத்தை மில்லில் வருஷக்கணக்காகப் படித்தவள், என்னிடம் அது நடக்குமா?

இப்போது அந்த மில் இல்லை. மெஷின்களைப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். இடத்தைப் பிளாட் போட்டு, கல் நட்டு, கலர்க் கொடி கட்டியிருக்கிறார்கள். எங்கள் சந்து எந்தப் பிளாட்டுக்குள் வரும் என்று ஒரு நாள் போய் நின்று பார்த்தேன், பிடிபடவில்லை. பால்கோவாக் கடை இருக்கிறது, மாடியில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். குருவம்மா ரிட்டயர் ஆகி, அந்த ஊரிலேயே இருந்தாள். போன ஐப்பசி மழையில், சாயங்காலம் மார் வலிக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

போன மாதம் ஈஸ்வரி வந்தாள், அம்மாவின் வீட்டைக் காலி பண்ணிக் கொடுக்க. வேலை முடிந்ததும் என்னைப் பார்க்க ராஜபாளையத்துக்கு வந்தாள். அவளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. அதே உயரம், அதே நடை. எனக்குக் காது கேட்காது என்று தெரிந்து எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் எதையெதையோ பேசினாள். பிறகு கேட்டாள், அன்றைக்குக் கூமாப்பட்டிக்கு வந்தபோது அம்மா ஏன் உட்காரவே இல்லை என்று.

நான் வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள்.

"வாரது எங்கம்மான்னு எனக்குத் தெரியும் பெரிம்மா. துணிப்பையக்கூட நாந்தான் கட்டி வச்சிருந்தேன். எங்க வீட்டுக்கு வாரவங்க தண்ணி குடிச்சா, பொறவு உக்காந்து பேசிட்டுத்தான் போவாங்க. அதான் முந்திப் போயி தண்ணி கொண்டாந்தேன். அம்மா நின்னமேனிக்குக் குடிச்சிட்டுப் போயிட்டா. என்னையப் பிடிக்கல போலன்னு இருந்துட்டேன்."

பஸ்ஸில் குருவம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சத்தம் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, மருமகள் அடுப்படியிலிருந்து ஓடி வந்ததைப் பார்த்தால் வந்திருக்க வேண்டும்.

ஈஸ்வரியை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். இதை உடனே போய்க் குருவம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அவள் முகம் எப்படி மாறும் என்றுகூட நினைத்துப் பார்த்துவிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பக்கத்திலேயே நின்றது, ஏறி உட்கார்ந்தும்விட்டேன். கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன்.